தூபத் திரவியங்கள்: பெயரும் பொருளும் பயனும்

சைவாலயங்களிலும் இல்லங்களிலும் வித்தியாலயங்களிலும் நிகழும் வழிபாடுகளுள் தூபங் காட்டாது நிறைவுறுவது அரிது. ஆயினும், தூபக்காலில் இடப்படும் பொருள் யாது, அஃது எம்மரத்தினின்று எந்நாட்டிலே பெறப்படுவது, அதனை இடுவது எற்றுக்கு என மாணாக்கரை வினவினால், 'சாம்பிராணி' என்னும் ஒரு சொல்லன்றி வேறு விடை வருவதில்லை. குங்கிலியமும் சாம்பிராணி, குந்துருக்கமும் சாம்பிராணி, மூங்கிற்குச்சியிலே கரித்தூளை அப்பி வாசனைத் தைலத்தில் தோய்த்ததும் சாம்பிராணிக் குச்சி. இங்ஙனம் பல பொருள் ஒரு பெயரின்கீழ் மயங்கிக் கிடத்தலாற் குங்கிலியக்கலய நாயனார் சரிதம் படிக்கும் பிள்ளை, அவர் திருக்கடவூரிலே இட்ட பொருளும் தன் தாய் கல்முனைச் சந்தையிலே வாங்கும் பொருளும் ஒன்றே எனக் கருதிவிடுகின்றது. சைவநெறி கற்பிக்கும் ஆசிரியர்கள் இம்மயக்கத்தை நீக்குதற்குத் துணையாகுமென்று இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

முதற்கண் தூபத்தின் இடத்தை அறிதல் வேண்டும். பூசையில் இறைவனுக்குச் செய்யப்படும் பதினாறு உபசாரங்களுள்ளும் சுருக்கமாகச் செய்யும் ஐந்து உபசாரங்களுள்ளும் தூபம் உண்டு. ஐந்தினையும் ஐம்பூதங்களோடு பொருத்துமிடத்து, சந்தனம் நிலத்திற்கும், மலர் விசும்பிற்கும், தூபம் வளிக்கும், தீபம் தீக்கும், நிவேதனம் நீருக்கும் உரியன என்ப. மலர் சாத்தியபின் தூபமும், அதன்பின் தீபமும், அதன்பின் நிவேதனமும் என்பது முறை. கர்ப்பூரம் தீபத்தின்பாற்படுவதேயன்றித் தூபத்தின்பாற்படுவதன்று. அதனை ஏற்றுவது சுடருக்காக. எரிந்தபின் எச்சமின்றி ஒழிதலே அதன் சிறப்பு. தூபத்திரவியமோ சுடர்விடாது தணலிற் கிடந்து உருகிப் புகைதல் வேண்டும். கர்ப்பூரத்தைச் சாம்பிராணியோடு ஒரே தணலிற் போடுவோர் இரண்டின் பயனையும் இழக்கின்றனர். அப்பர் சுவாமிகள் தாம் முதன்முதல் அருளிய திருவதிகைப் பதிகத்திலே நீரோடும் பூவோடும் தூபத்தையும் சேர்த்து, தாம் மறவாது செய்துவந்த தொண்டாகக் கூறுதலை ஆசிரியர்கள் இவ்விடத்து எடுத்துக்காட்டலாம்.

இனி, இதனை விளக்குதற்கு எம் கரையோரத்தினும் ஏற்ற இடம் வேறு இல்லை. வடக்கே மருதமுனை, அடுத்துப் பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழ் பேசும் முஸ்லிம்களும் சைவரும் ஊர்மாறி ஊராக ஒரே தெருவின் நெடுகிலும் வாழ்கின்றனர். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீமிதிப்பிற்கும், காரைதீவுக் கண்ணகை அம்மனின் வைகாசிக் குளிர்த்திக்கும் வேண்டும் சாம்பிராணியையும், முஸ்லிம்கள் மௌலூது ஓதும் வீட்டிற்கு வேண்டும் சாம்பிராணியையும் ஒரே கடையிலே, ஒரே தராசிலே நிறுத்து வாங்குகின்றோம். அந்தத் தராசுத் தட்டிலே கிடக்கும் பிசினின் வரலாறு பெரிது.

சாம்பிராணி என்று பெயர் பெறுதற்கு உரியது சுமாத்திராத் தீவிலே வளரும் ஸ்டைராக்ஸ் என்னும் மரத்தின் பிசின். சீயம், லாவோஸ் ஆகிய நாடுகளில் அம்மரத்தின் மற்றோரினம் உண்டு. சுமாத்திராவின் வடபாலுள்ள பட்டாக்கு மக்கள், மரம் ஏறக்குறைய 7 ஆண்டு வளர்ந்தபின் அதன் பட்டையைக் கீறி விடுவர். காயத்தினின்றும் ஊறும் பால் சில திங்களில் இறுகும். அதனைச் சுரண்டி எடுப்பர். நல்ல சாம்பிராணிக் கட்டியை உடைத்துப் பார்த்தால், செம்பழுப்பான பிசினுள்ளே பாற்கட்டிபோன்ற வெண்டுணுக்குகள் வாதுமைப் பருப்பை உடைத்துப் பதித்தாற்போலத் தோன்றும். தணலில் இட்டால் இனிய மணம் எழும்; வனிலா என்னும் பொருளின் மணம் அதிற் கலந்திருப்பதை மாணாக்கர் தாமே உணர்வர். சற்றே மிகுதியாக இட்டால் தொண்டை கரகரத்து இருமல் வரும்.

இப்பொருள் தமிழரோடு கொண்ட தொடர்பு பழையது. சுமாத்திராவின் மேற்குக் கரையிலே, கர்ப்பூரத்திற்கும் சாம்பிராணிக்கும் பேர்போன பாரூசு என்னும் துறையை அடுத்த லோபுதுவா என்னுமிடத்தில், 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அதனை நாட்டினர். சோழர் காலத்திலே தமிழ் வணிகர் அத்துறையிலே கூடி ஒழுங்கு வகுத்து வாழ்ந்தனர் என்பது அதனாற் பெறப்படும். அராபியரும் அங்கே சென்றனர். அவர்கள் தம் நாட்டுக் குந்துருக்கத்தை 'லுபான்' என்பர். சுமாத்திராவின் பிசினை 'லுபான் ஜாவி', அஃதாவது சாவகத்துக் குந்துருக்கம், என்றனர். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து பாவாதமலை ஏறிய இபுனு பதூதா பின்னர்ச் சுமாத்திராவிற்குச் சென்று இம்மரத்தைப் பற்றியும் எழுதிவைத்தனர். லுபான் ஜாவி என்ற சொல் ஐரோப்பியர் வாயிலே தலையெழுத்துக்களை இழந்து 'பென்சாய்ன்' ஆயிற்று. அப்பிசினைக் காய்ச்சி வடித்த அமிலத்திற்குப் பென்சோயிக் அமிலம் என்றும், அவ்வமிலத்தினின்று 19ஆம் நூற்றாண்டிலே பிரித்தெடுத்த திரவத்திற்குப் பென்சீன் என்றும் பெயர் வந்தன. உயர்தர வகுப்பிலே இரசாயனவியல் பயில்வோர் நாடோறும் எழுதும் பென்சீன் வளையத்தின் பெயர், எம் கோயிலிலும் முஸ்லிம்களின் இல்லத்திலும் புகையும் இப்பிசினின் அராபியப் பெயரே என்பதை எத்தனை மாணாக்கர் அறிவர்? சமயபாட ஆசிரியரும் இரசாயன ஆசிரியரும் ஒருநாள் சேர்ந்து ஒரு பாடம் நடத்தற்கு இதுவே போதும்.

குங்கிலியம் வேறு. இது வட இந்தியக் காடுகளில் வளரும் சால மரத்தின் பிசின். மேற்கு மலைத்தொடரிலுள்ள வேறு மரங்களின் பிசினையும் வெள்ளைக் குங்கிலியம், கருங்குங்கிலியம் என வழங்குவர். சாம்பிராணிபோல் இனிப்பு மணம் இதற்கு இல்லை. எளிதிற் பொடியாகும், கண்ணாடிபோல் உடையும், புகை அடர்த்தியாக எழும், பொடியைச் சுடரின்மேல் தூவினால் பளிச்சென்று பற்றும். சிங்களவர் இவ்வினப் பிசினைத் 'தும்மல' என்பர். அவர்தம் சாந்திச் சடங்குகளிலே பந்தத்தின்மேல் அதனைத் தூவித் தீயை எழுப்புவதைக் கண்டோர் பலர். மரப்பலகைத் தோணிகளின் இடுக்குகளை அடைத்தற்குக் குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிப் பூசுவது கடற்கரை நாடுகளிலே நெடுங்கால வழக்கம். அத்தொழிலுக்குக் கலப்பற்று என்று பெயர். கண்ணாடியிழை வள்ளங்கள் வந்தபின் அச்சொல்லே மீனவப் பிள்ளைகளுக்குத் தெரியாததாயிற்று.

இதனை அறிந்தபின் குங்கிலியக்கலய நாயனார் சரிதத்தைப் படித்தால் அதன் பொருள் மிகும். திருக்கடவூரிலே இறைவனுக்கு நாடோறும் குங்கிலியத் தூபமிடுதலைத் தொண்டாகக் கொண்ட அவர்க்கு வறுமை வந்தது. பிள்ளைகள் பசித்திருக்க, நெல் வாங்கி வருமாறு மனைவியார் தமது தாலியைக் கழற்றிக் கொடுத்தனர். வழியிலே குங்கிலியப் பொதியோடு வந்த வணிகனைக் கண்ட நாயனார், தாலியைக் கொடுத்துப் பொதியை வாங்கிக் கோயிற் களஞ்சியத்திற் சேர்த்துவிட்டு அங்கேயே தங்கினார். இப்பகுதியைக் கற்பிக்கும்போது கூரிய மாணாக்கன், 'பசித்த பிள்ளைகளை விட்டு இப்படிச் செய்யலாமா?' என்று கேட்பான், கேட்டல் வேண்டும். அவனை அதட்டி அமர்த்துவது ஆசிரியர்க்கு அழகன்று. சேக்கிழார் அப்பசியை மறைத்தாரில்லை. தாயின் துயரையும் பிள்ளைகளின் வாட்டத்தையும் சொல்லிய பின்னரே, இறைவன் அவ்வீட்டை அன்றிரவே செல்வத்தால் நிறைத்ததையும், வீட்டுக்குச் சென்று பாலும் அன்னமும் உண்ணுமாறு நாயனார்க்கு உணர்த்தியதையும் சொல்கின்றார். தொண்டரின் பசியை இறைவன் தன் பொறுப்பாகக் கொண்டான் என்பதே அங்குள்ள செய்தி. பிள்ளைகளைப் பட்டினி போட்டுப் பூசை செய்க என்பதன்று. பின்னர்த் திருப்பனந்தாளிலே சோழனின் யானைகளும் நிமிர்த்தமாட்டாத சாய்ந்த இலிங்கத்தைத் தம் கழுத்திலே கயிறு பூட்டி இழுத்து நிமிர்த்தினார். அவரது குருபூசை ஆவணி மூலம். அந்நாளிலேனும் பாடசாலையிலே குச்சியை விடுத்துக் குங்கிலியம் சிறிது வாங்கி இட்டு, அதன் மணத்தைப் பிள்ளைகள் முகரச் செய்தல் நன்று. ஒரு பிடி பொடியின் விலை, சரிதத்தை இருமுறை வாய்ப்பாடமாக ஒப்புவிப்பதினும் மிகுந்த பயன் தரும்.

குந்துருக்கம் மூன்றாவது. பறங்கிச் சாம்பிராணி எனக் கடைக்காரர் கூறுவதும் பெரும்பாலும் இவ்வினத்தையே. ஓமான் நாட்டுத் தோபார்ப் பிரதேசத்திலும் சோமாலியாவிலும் பாறைநிலத்திலே வளரும் பொஸ்வெல்லியா மரத்தின் கண்ணீர்த்துளி போன்ற பிசின் இது. இந்தியாவின் வறண்ட காடுகளிலும் ஓரினம் உண்டு. புகையிலே எலுமிச்சைத் தோலின் சாயல் தோன்றும். கத்தோலிக்க ஆலயங்களிலே சங்கிலித் தூபக்கலசத்தில் இடுவது பெரும்பாலும் இதனையே. அராபியர் இதற்கு வழங்கும் 'குந்துர்' என்னும் சொல்லும், வடமொழி 'குந்துரு'வும், தமிழ்க் குந்துருக்கமும் ஓரினச் சொற்களாதல் நோக்கத்தக்கது. வைத்திய நூல்களிற் பயிலும் குக்குலு என்பது இம்மூன்றினும் வேறானது. கூர்ச்சரம், இராசபுத்தானம் ஆகிய வறள்நிலங்களின் முட்செடியினின்று எடுப்பது. மிகையாகக் கீறிக் கீறி அச்செடி அருகிவிட்டமையால், 2015ஆம் ஆண்டிலே அதனை அழிவின் விளிம்பிலுள்ளனவற்றின் பட்டியலிற் சேர்த்துளர்.

பிசினல்லாத தூபப் பொருள்களுள் அகில் தலையாயது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவிற்கு வந்த பண்டங்களுள் மேற்கு மலையிற் பிறந்த சந்தனத்தையும் அகிலையும் எண்ணுகின்றது. மகளிர் கூந்தலை அகிற்புகையால் உலர்த்தியதும் பண்டை நூல்களால் அறியப்படும். இக்காலத்து உலகச் சந்தையில் அகில் எனப்படுவது அசாமிலும் தென்கீழ் நாடுகளிலும் வளரும் அக்குயிலாரியா மரத்தின் உள்வைரம். நோயற்ற மரத்திலே மணம் இல்லை. புழு துளைத்தோ காற்று முறித்தோ காயமுற்று, அக்காயத்திற் பூஞ்சணம் பற்றினால், மரம் தன்னைக் காத்தற்குக் கரிய பிசினைச் சுரக்கின்றது. அப்பிசின் ஊறிய கட்டையே அகிற்கட்டை. அராபியர் இதனை 'ஊத்' என்பர். நாம் வழங்கும் ஊதுபத்தி என்பது 'ஊதுதல்' என்னும் வினையடியாகப் பிறந்ததன்று. ஊத் என்னும் அகிலாற் செய்த வர்த்தி, அஃதாவது திரி, என்பதே அதன் பொருள். அகர்பத்தி என்னும் வடநாட்டு வழக்கிற்கும் பொருள் அதுவே. இரண்டு பெயரிலும் அகில் உண்டு; குச்சியிலேதான் இல்லை!

அகிலைப் பற்றி இலங்கையாசிரியர்கள் சொல்லவேண்டுவது இன்னும் ஒன்று உண்டு. எம் நாட்டின் தென்மேற்கு ஈரவலயக் காடுகளில் வளரும் வல்லப்பட்டை என்னும் மரம் அகிலுக்கு நெருங்கிய இனம். அதன் கட்டையிலும் அகில்போன்ற பிசின் உண்டாதல் 2012ஆம் ஆண்டளவில் வெளிப்படவே, களவாக வெட்டுவோர் காடுகளிற் புகுந்தனர். கட்டுநாயக்கா விமான நிலையத்திலே வல்லப்பட்டைப் பொதிகளோடு பலர் பிடிபட்டுளர். அகிலினமும் வல்லப்பட்டையினமும் 2004ஆம் ஆண்டிலே நாடுகளிடை வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. பிசின் ஊறியதா என்பது வெட்டிப் பார்த்தாலன்றித் தெரியாமையால், ஒரு மரத்திற்காகப் பல மரங்கள் வீணே வீழ்கின்றன. இவ்வழியால் வந்த பொருளை இறைவன் திருமுன்னே புகைப்பது தொண்டாகுமா என்பதை மாணாக்கரே ஆராய்ந்து சொல்லட்டும்.

சந்தனத்தைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. அரைத்துச் சாத்துதலே அதற்குச் சிறந்த பயன். புகைப்பதற்குத் தூள் போதும். தசாங்கம் என்பது பத்துப் பொருள் கூட்டிய பொடி. அப்பத்து எவை என்பது நூலுக்கு நூல் வேறுபடும். கடையில் விற்கும் தசாங்கப் பொதியிலே பத்தும் உளவா என்று கேட்பது கடைக்காரரைச் சங்கடப்படுத்துவதேயாம்.

இனி, நுணுகி நோக்கவேண்டிய பகுதிக்கு வருவோம். சைவரும் முஸ்லிம்களும் ஒரே சாம்பிராணியை வாங்குகின்றனர் என்றோம். ஒரே கருத்துடன் இடுகின்றனர் என்றோமில்லை. மௌலூது, ராத்திபு ஓதும் சபைகளிலும், கல்முனைக்குடியிலே நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகை பெயரால் விளங்கும் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்ற விழாவிலும் சாம்பிராணியும் ஊதுபத்தியும் மணக்கின்றன. சில வகுப்புகளிலே, 'அவர்களும் நம்மைப்போலத் தூபங்காட்டிப் பூசை செய்கின்றனர்' என்று கூறுவாருளர். அது பிழை. இசுலாத்திலே நறுமணம் தூய்மையோடு சேர்த்து விரும்பப்படுவது. ஓதும் இடத்தையும் கூடியோரையும் மணப்பித்தலே அப்புகையின் நோக்கம். இறைவனுக்குப் படைக்கும் பொருளாக அவர் அதனைக் கொள்வதில்லை. அன்றியும், அடக்கத்தலங்களிலே சாம்பிராணி இடுதல் முதலிய வழக்கங்களை ஏற்காத முஸ்லிம் அறிஞரும் பலருளர்; அஃது அவர்கள் தம்முள் ஆராயும் பொருள். சைவத்திலோ தூபம் இறைவனுக்குச் செய்யும் உபசாரம். பொருள் ஒன்று, கருத்து வேறு என்னும் இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு உள்ளவாறே சொல்லுதல் வேண்டும். பக்கத்து ஊரான் செய்வதைத் தன் வழக்கமாகத் திரித்துக் கூறுவது அவனை மதித்தலாகாது. இழித்துக் கூறுதல் எத்துணைக் குற்றமோ, அறியாது ஒப்புமை கூறுதலும் அத்துணைக் குற்றமே. ஐயமுளதேல் மருதமுனையிலோ நிந்தவூரிலோ கற்பிக்கும் இசுலாமிய பாட ஆசிரியர் ஒருவரைக் கேட்டறிவது கால் மணி நேர வேலை.

வீட்டு வழக்கங்களிலோ இரு சாராரும் ஒத்திருக்கின்றனர். பிள்ளை பெற்ற தாயின் ஈரத்தலைக்கும் குளிப்பாட்டிய குழந்தைக்கும் சாம்பிராணிப் புகை பிடித்தல் பாண்டிருப்பிலும் உண்டு, சாய்ந்தமருதிலும் உண்டு. பச்சிளங் குழந்தையின் நுரையீரலுக்குப் புகை ஆகாதென வைத்தியர்கள் இக்காலத்தே தடுக்கின்றனர், அது கேட்கத்தக்கதே. அந்தியிலே வேப்பிலையும் நொச்சியும் புகைத்தல் நுளம்பை ஓட்டுதற்கு, அது தூபமன்று. நுளம்புச் சுருளைப் பற்றிக் கூறவேண்டுவதேயில்லை, ஆயினும் அதனைச் சுவாமி அறையிலே கொளுத்தி வைத்திருக்கும் வீடுகளையும் யாம் கண்டிருக்கின்றோம். கண்ணகை அம்மன் சடங்குகளிலே கட்டாடியார் இடும் சாம்பிராணியோ, ஆகம பூசையின் உபசாரமாக மட்டும் நில்லாது, உடுக்கொலியோடும் வேப்பிலையோடும் சேர்ந்து தெய்வமாடுவோர்க்கும் உரியதாகின்றது. இதனை நாகரிகமற்ற வழக்கென்று ஒதுக்கிப் பேசும் சைவாசிரியர்கள், மட்டக்களப்புத் தமிழகத்தின் வழிபாட்டு வரலாற்றிற் பாதியை ஒதுக்குகின்றனர்.

இறுதியாகப் பாடசாலைப் பூசைக்குரிய சில செய்திகள். கடையிலே மலிந்த குச்சியும் 'கம்பியூட்டர் சாம்பிராணி' எனப்படும் கூம்பு வில்லைகளும் பெரும்பாலும் கரித்தூள், மரத்தூள், ஒட்டும் பட்டைத்தூள், செயற்கை வாசனைத் தைலம் ஆகியவற்றாலானவை. எரிவது மரத்தூள், மணப்பது தைலம். இயற்கைப் பிசினாயினும் புகை புகையே. நுண்டுகளும் நச்சு வாயுக்களும் அதிலும் உண்டு. சிங்கப்பூரிலே 61,320 சீனர்களைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, வீட்டிலே நெடுங்காலம் மிகுதியாகத் தூபக்குச்சி கொளுத்தியோரிடத்தே மேற்சுவாசப் பாதையிற் புற்றுநோய் மிகுந்திருந்ததைக் காட்டிற்று. ஒரு வகுப்பறையிலே நாற்பது பிள்ளைகள் இருப்பின், அவருள் ஆஸ்துமா உடைய பிள்ளை ஒன்றேனும் இருக்கும் என்று கொண்டே ஆசிரியர் ஒழுகல் வேண்டும். நவராத்திரி ஒன்பது நாளும் சன்னலை அடைத்துக்கொண்டு கட்டுக்கட்டாகக் குச்சி கொளுத்துவது பத்தியின் மிகுதியன்று. பயறளவு நல்ல பிசின் ஒரு பூசைக்குப் போதும்.

அதனை இடும் முறையும் ஒன்றுண்டு. சிரட்டைக் கரியைத் திறந்த வெளியிலே மூட்டி, புகை முற்றும் அடங்கிச் செந்தணலானபின் தூபக்காலில் இடுக. வாயால் ஊதாது விசிறியால் வீசுக. தணலின்மேல் மெல்லிய சாம்பற் படை ஒன்று தூவினால் பிசின் கருகாது மெல்ல உருகும். சுடர் எழுந்தால் மணம் போய்க் கரியே எஞ்சும். சன்னல்களும் கதவுகளும் திறந்திருக்க, இருமுகின்ற பிள்ளையை வாயிலின் அருகே நிறுத்துக. அப்பிள்ளையின் கையிலே மணியைக் கொடுத்தால், தான் ஒதுக்கப்பட்டதாக எண்ணாது. மணி ஒலிக்கத் தூபங் காட்டி முடிந்தவுடனே தூபக்காலை வெளியே கொண்டுசென்று, மணலிட்டுத் தணலை அவித்துவிட்டுத் தீபத்தை ஏற்றுக.